கேசட்டின் இரண்டாவது பக்கம்

ஒப்பாரி பாடுகிற ஒரு பெண்ணுக்கு அருங்காட்சியகம் வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, எனக்குத் தெரியாது. வைத்தது ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. வைத்த இடம், வாலாஜாபாத் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரில் பஞ்சாயத்து கைவிட்டிருந்த பழைய டிவி ரூம். காலையில் அதைத் திறந்து சாயங்காலம் பூட்டுகிற வேலை என்னுடையது. 2012-ல் தொடங்கி ஒன்றரை வருஷம்போல அதைச் செய்தேன்.

நான் அந்தப் பக்கத்துக்காரி இல்லை. சங்கரன்கோவில் பக்கம். பாலிடெக்னிக் முடித்த சூட்டோடு பஸ் ஏறி வந்து, சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி ரூமில் ஆறு பேரோடு ஏழாவதாகப் படுத்து, மூன்று வருஷம் கம்பெனி அசெம்பிளி லைனில் நின்றேன். குனிந்தே நின்றதில் கழுத்து போயிற்று. இனி நிற்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டியபோது, காண்ட்ராக்டர் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று இருக்கிறது, ஆனால் அங்கே பேச்சுத் துணைக்குக்கூட ஆள் வராது, பரவாயில்லையா என்று கேட்டார். ஏழு பேர் படுக்கும் ரூமில் இருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது.

அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஹால், நான்கு கண்ணாடிப் பெட்டிகள், சுவரில் அந்த அம்மாவின் பெரிய போட்டோ. முதல் பெட்டியில் இரண்டு நூல் சேலைகள். அடுத்ததில் வெற்றிலைப் பையும் பாக்குவெட்டியும். மூன்றாவதில் ஒரு எவர்சில்வர் டம்ளர். சாவு வீடுகளுக்குப் பாடப் போகும்போது அவர் கையோடு கொண்டுபோனது. பாடி முடித்த தொண்டைக்கு டீ கொடுப்பார்கள், டம்ளர் கொடுக்க மாட்டார்கள். பெட்டியில் இருந்த அட்டையில் ‘கலைஞர் பயன்படுத்திய குவளை’ என்று மட்டும் அழகாக அச்சடித்திருந்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அட்டையை மாற்றி எழுத எனக்கு அதிகாரம் கிடையாது.

நான்காவது பெட்டியில் ஒரு கேசட். எப்போதோ ஒரு காலேஜ் வாத்தியார் வந்து அவர் பாடியதைப் பதிந்து, ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வாத்தியார் எந்த ஊர், இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆக, அந்த அம்மாவின் குரல் மிச்சம் இருந்தது அந்த ஒரு கேசட்டில்தான். பக்கத்தில் மேஜைமேல் இரண்டு கேசட் போடும் டேப் ரெக்கார்டர் ஒன்று, கம்பெனி காஞ்சிபுரத்தில் தேடிப் பிடித்து வாங்கியது.

கேசட்டைக் கொடுத்தது அவருடைய ஒரே மகள். ஐம்பதைத் தொடுகிற வயது, அதே கம்பெனியின் கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவர் என்னைப் பாப்பா என்றார். திறப்பு விழா முடிந்த மறுநாள், ஷிப்ட் விட்டு நேராக வந்தார். பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். போட்டோவுக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கேசட் இருந்த கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“எங்கம்மா செத்த நாளு மாசில வருது. அன்னிக்கு வரேன். அதுல ஒரு பாட்டு கீது பாப்பா. அத நான் ஒரு தபா கேக்கணும்.”

இப்போதே கேளுங்களேன் அக்கா என்றேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். சாவு இல்லாத நாளில் ஒப்பாரியைக் கேட்கக் கூடாதாம். வீட்டில் வைத்துக் கேட்கவே கூடாதாம், கேட்டால் வீடு இன்னொரு சாவைக் கூப்பிட்டுக்கொள்ளுமாம். நாலு வருஷமாகக் கேசட்டை வைத்திருந்தும் ஒரு தடவைகூடப் போடாததற்கு அதுதான் காரணம். மகனும் மருமகளும் புழங்குகிற வீட்டில் எப்படிப் போடுவது? இது வீடு இல்லை, யாரும் படுத்து எழுகிற இடம் இல்லை, இங்கே கேட்கலாம் என்பதற்காகத்தான் கம்பெனிக்காரர்கள் கேட்டதும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்குப் பெருமை, ஊருக்குப் பெருமை என்றெல்லாம் மேடையில் பேசினார்களே, அதெல்லாம் அவர் கணக்கில் இல்லை. அந்த ஒரு பாட்டுக்காகத்தான் அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வேலை என்னவோ சுகமானதுதான். கம்பெனி ஆபீசர் ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார். வெளிநாட்டு விருந்தாளிகள் வந்தால் கூட்டி வருவார். மற்ற நாட்களில் பக்கத்து கம்பெனி செக்யூரிட்டிகள் தண்ணீர் குடிக்க வருவார்கள். ஆனால் யார் வந்தாலும் கேசட்டைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது எனக்கு இட்ட கட்டளை. போடுவேன். அந்தக் குரல் ஹாலில் கிளம்பும். சங்கரன்கோவிலில் என் சித்தி செத்தபோது கேட்ட ஒப்பாரியில் சொற்கள் வேறு, அழுகை இதே அழுகைதான். பாட்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருவில் கோலம் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பத்து நாள் பொறுத்தார் எதிர் வீட்டுக்காரர். நிலத்தைக் கம்பெனிகளுக்கு விற்று, இருந்த இடத்தில் ரூம்கள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருடைய பெண் ஏழு மாதம் முழுகாமல் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒருநாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்று தன்மையாகத்தான் பேசினார்.

“பாட்டு வேணாம்னு சொல்லலம்மா. அத்தோட முடிக்காத. கடைசில காதுல வுழறது நல்லதா இருக்கணும்.”

நான் ஆபீசருக்கு போன் போட்டேன். காதில் மாட்டிக் கேட்கிற ஹெட்போன் வாங்கித் தரச் சொன்னேன். பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் மெயில் போட்டிருக்கிறோம் என்றார். அந்த மெயில் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நடுவில் எதிர் வீட்டுக்காரரின் பெண் ஒருநாள் தலைசுற்றி விழுந்ததும் அவர் வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. பஞ்சாயத்தில் பேசி ரூமைப் பூட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். பூட்டினால் நான் மறுபடி லைனில் போய் நிற்க வேண்டும். என் கழுத்து தாங்காது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒப்பாரி கேசட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. முதல் பக்கம் முடிந்ததும் தானே திரும்பி இரண்டாவது பக்கம் ஓடுகிற டேப் ரெக்கார்டர் அது. இரண்டாவது பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மூன்று நிமிஷம் காத்து இரைச்சல்தான் கேட்டது. காலிப் பக்கம். அதில் நாதஸ்வரத்தைப் பதிந்துவிட்டால் ஒப்பாரி முடிந்த கையோடு மங்கள இசை வந்துவிடும், ஊருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. எதிர் வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, பெண் கல்யாணத்துக்கு வாங்கிய நாதஸ்வரக் கேசட்டை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

பதிகிற பட்டனை அமுக்கினால் அமுங்கவில்லை. எனக்கா தெரியாது? கேசட்டின் தலையில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் பல் ஒன்று இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு பதிய முடியாது. கடையில் விற்கிற சினிமாக் கேசட்டுகள் அப்படித்தான் வரும். அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி, பழைய படப் பாட்டை அழித்துப் புதுப் பாட்டு பதிந்து கேட்டு வளர்ந்தவள் நான். வாத்தியார் கொடுத்த கேசட் அப்படித்தான் வந்திருக்கும் என்று எண்ணி, அழகாக வெட்டி ஒட்டினேன். பட்டன் அமுங்கியது. அன்றைக்கு என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன்பின் எந்தத் தகராறும் இல்லை. ஒப்பாரி முடியும், நாதஸ்வரம் எழும், தெருவில் முகங்கள் இளகும். ஓரிரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திவிடுவேன். எதிர் வீட்டில் ஆண் குழந்தை பிறந்து எனக்கு ஜாங்கிரி வந்தது.

மாசியில் அக்கா வந்தார். கேண்டீன் வேலை முடிந்து, வீட்டில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஒரு முழம் பூவும் ஊதுவத்தியும் வெற்றிலைப் பாக்குமாக வந்தார். மணி மூன்று இருக்கும். கரண்ட் இல்லை. அந்த வருஷம் கரண்ட் இருக்கிற நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். நாலு மணிக்கு வரும் என்றேன். அவர் சிரித்தார்.

“எங்கம்மா சாவுக்கும் கரண்ட் இல்ல. இப்பவும் இல்ல பாரு.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். காத்திருக்கிற நேரத்தில்தான் முழுக் கதையையும் சொன்னார். ஊரில் எந்தச் சாவுக்கும் அவர் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். யார் யாருக்கோ பாடுகிறாயே, நீ செத்தால் யாரம்மா உனக்குப் பாடுவார்கள், எனக்கோ நாலு வரி வராது என்று இவர் ஒருநாள் விளையாட்டுக்குக் கேட்டிருக்கிறார். அந்த அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு டேப் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார். வீட்டில் பாடக் கூடாதில்லையா, அதனால் ஏரிக்கரை. மகள் தாய்க்கு அழுவதுபோல, தன் சாவுக்குத் தானே ஒப்பாரி பாடி வைத்திருக்கிறார். நான் செத்தால் இதைப் போடு, உன் வாயால் அழுததாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். செத்த அன்றைக்குக் கரண்ட் இல்லை, பேட்டரி தீர்ந்திருந்தது. பேட்டரி வாங்கப் போனவன் வருவதற்குள் பிணத்தை எடுத்துவிட்டார்கள். மற்ற பெண்கள் வந்து பாடத்தான் பாடினார்கள். மகள் பாட வேண்டிய பாட்டு மட்டும் பாடாமலே போய்விட்டது. அந்தக் கடனை இன்றைக்காவது தீர்க்கணும் என்றார்.

எனக்கு அதுவரைக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. முதல் பக்கத்தில் கடைசியாக வருகிற பாட்டு அதுவாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மேலே சொன்னார்.

“சட்டுனு பாடிடல. டேப்பு ஓடினே கீது, இவ வாயத் தொறக்கல. ஏரியப் பாத்துகினு உக்காந்துகினு இருந்தா. வெறும் காத்துதான் ஏறினு கீது. நான் வேற, டேப்பு பூடப் போவுதும்மான்னு கத்தறேன்.”

வெறும் காற்று.

நான் கேட்டது அந்தக் காற்றைத்தான். அந்த அம்மா தன் சாவைப் பாட வாய் வராமல் உட்கார்ந்திருந்த நேரம் அது. நான் இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் பாட்டு வந்திருக்கும். அக்கா பேசிக்கொண்டே போனார், அந்தப் பாட்டில் அம்மா தான் பாடிய சாவுகளையெல்லாம் வரிசையாகச் சொல்வாள், மற்ற வரிகள் அழுத அழுகையில் மண்டையில் நிற்கவில்லை என்றார். எனக்கு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. இன்றைக்குக் கரண்டே வரக் கூடாது என்று எங்கள் ஊர்ச் சாமிகளையெல்லாம் வேண்டினேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. நாலு மணிக்குச் சரியாக ஃபேன் சுற்றத் தொடங்கியது. கரண்டுக்காரன் அந்த வருஷம் முழுக்கச் சொன்ன நேரத்துக்குக் கரண்ட் கொடுத்தது அன்றைக்கு ஒருநாள்தான் இருக்கும்.

அக்கா எழுந்து போட்டோவுக்குப் பூ வைத்து, ஊதுவத்தி கொளுத்தினார். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி தரையில் உட்கார்ந்தார். ரெண்டாவது பக்கத்தைப் போடு என்றார்.

“அக்கா, ரெண்டாவது பக்கத்துல நான் நாதஸ்வரம் பதிஞ்சுட்டேங்க்கா. காலின்னு நெனச்சு அழிச்சுட்டேன்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நாதஸ்வரம் இருந்தால் இருக்கட்டும், நீ பாட்டைப் போடு என்றார். நான் கேசட்டை வெளியில் எடுத்து நீட்டினேன். அதை வாங்கித் திருப்பினார். தலையில் ஒட்டியிருந்த செல்லோடேப்பைப் பார்த்தார். அதன்மேல் விரலை வைத்தார்.

“இத ஒடச்சு வச்சிருந்தேனே, பாப்பா. யாரும் அழிச்சிடக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் நான்தான் ஒடச்சு வச்சேன்.”

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. கேசட்டைத் திருப்பிக் கொடுத்து, அடியில் எங்கேயாவது கேட்கும், போடு என்றார். அடியில் கேட்காது என்று எனக்குத் தெரியும். போட்டேன். கல்யாண நாதஸ்வரம் ஹால் முழுக்க முழங்கியது. தலைவிரி கோலமாக அவர் தரையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு அதைக் கேட்டார். இருபது நிமிஷம். ஒரு பாட்டு முடிந்து மறுபாட்டு தொடங்கும் இடைவெளி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். எதிர் வீட்டுக்காரர் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நின்று எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நிறுத்தவும் முடியாமல், ஓடிவிடவும் முடியாமல் நான் டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிஷம் வேறு இல்லை.

நாதஸ்வரம் முடிந்தது. நிறுத்துவதற்குக் கையைக் கொண்டுபோனேன். அப்போது ஸ்பீக்கரில் ஒரு இருமல் கேட்டது. பிறகு ஏரிக் காற்று. பிறகு களைத்துப்போன ஒரு பெண் குரல், பாட்டு இல்லை, சாதாரணப் பேச்சு.

“போதும்டி. அமுக்கு.”

அதோடு டக்கென்று பட்டன் விழுந்த சத்தம். அவ்வளவுதான் மிச்சம்.

அக்கா அசையவில்லை. திரும்பப் போடு என்றார். போட்டேன். மறுபடி போடச் சொன்னார். எத்தனை தடவை என்று தெரியவில்லை. அழவும் இல்லை. கடைசியில் முடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்து, யோசித்து யோசித்து என்னிடம் ஒன்று கேட்டார்.

“இத இப்ப வூட்ல போடலாம் இல்ல? நாதஸ்வரம்தானே.”

கம்பெனியின் பொருள் பட்டியலில் கேசட்டும் இருந்தது. கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எடுத்துக் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தைப் போடக் கூடாது என்று அவரே சொல்லிக்கொண்டு முந்தானையில் முடிந்துகொண்டார். வெறும் கேசட் பெட்டியைக் கண்ணாடிக்குள் பழைய இடத்தில் வைத்தேன். டேப் ரெக்கார்டர் ரிப்பேர் என்று ஆபீசரிடம் சொன்னேன், மெயில் போடுகிறேன் என்றார். அதற்குப் பிறகு அந்த அருங்காட்சியகத்தில் பாட்டே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் கம்பெனி வேறு ஏதோ திட்டத்துக்கு மாறியது. சாமான்களை அட்டைப் பெட்டியில் அடுக்க வந்தவர்கள் பட்டியலைப் பார்த்து, கேசட் ஒன்று என்று டிக் போட்டுக்கொண்டு போனார்கள். திறந்து பார்க்கவில்லை.

அதற்கும் அடுத்த வருஷம் அக்கா பேத்திக்குக் காது குத்தினார். நான் அப்போது சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். யாரிடமோ இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரை ஸ்பீக்கரில் மாட்டியிருந்தார்கள். தாய்மாமன் மடியில் பிள்ளை வீரிட்டது, எதிர் வீட்டுக்காரரின் பெண் கல்யாணத்துக்கு வாங்கிய அந்த நாதஸ்வரம் முழங்கியது. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். அடுத்து என்ன வரும் என்று அந்தப் பந்தலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

நாதஸ்வரம் முடிந்தது. அக்கா பின்கட்டில் வடை போட்டுக்கொண்டிருந்தவர், மாவுக் கையோடு விடுவிடுவென்று வந்து டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் நின்றார். இருமல் கேட்டது. யாரோ, இன்னாது இது, கேசட் சரியில்லையா என்றார்கள். அவர் பட்டன்மேல் விரலை வைத்துக் காத்திருந்தார். போதும்டி, அமுக்கு என்று அம்மா சொன்னாள். அவர் அமுக்கினார்.